நாலரை இன்ச் தூரத்தில் ஒரு வெண்டர்

அந்தப் பச்சை கேட்டின் இடது கதவில், முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். நடுவில் பெயின்ட் உரிந்து துருப்பிடித்திருந்தது.

“இதான் சார் யூனிட்டு. எறங்குங்கோ,” என்றார் பாபு.

காரிலிருந்து நான்கு பேர் இறங்கினோம். நான், எனக்கு வேலை கொடுக்கும் பம்ப் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்திருந்த அபிநயா, என்னிடமிருந்து வேலை வாங்கும் மாணிக்கம், மாணிக்கத்திடமிருந்து வேலை வாங்கும் பாபு. காலை ஒன்பதரைக்கு அம்பத்தூரில் கிளம்பி, நசரத்பேட்டை, நெமிலிச்சேரி என்று சுற்றிவிட்டு, மத்தியானம் ஒன்றரைக்கு அந்த கேட் முன்னால் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பசி வேறு.

நான் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் போட்டது நான். சில வருடங்களுக்கு முன்னால் மினி வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டு, கேட் குறுக்கே வந்துவிட்டது போல அதையே திட்டிவிட்டுப் போனேன்.

ஆக, அது என் கேட். கேட்டுக்குப் பின்னால் இருந்தது என் ஷெட். காலையில் நாங்கள் கிளம்பியது இதே ஷெட்டின் முன்வாசலிலிருந்துதான்.

“சார், உங்க சப்-வெண்டர் இடத்துக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்து பாத்திருக்கீங்களா?” அபிநயா டேப்லெட்டில் கேள்வியைப் படித்தார்.

பதினான்கு வருடமாகத் தினமும் வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? “வந்து கொஞ்ச நாளாச்சும்மா,” என்றேன். பிறகு என் சொந்த கேட்டைத் தட்டி, “உள்ள வரலாங்களா?” என்று கேட்டேன்.

பிசிறு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு தெருக்களுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் ஒரு ஷெட்டில் ரப்பர் பாகங்கள் செய்து பிழைக்கிறவன் நான். பிரஸ் மெஷின் வாங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி பத்மா, “இதுல நான் எங்க?” என்று மட்டும் கேட்டாள். இந்த வாரம் வருகிறாள்.

பம்புக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அதுதான் எங்கள் சரக்கு. பிரஸ் மெஷினின் சூடான அச்சில் ரப்பரை வைத்து அழுத்தினால் வளையம் வரும். கூடவே அதன் ஓரமெல்லாம் மெல்லிய பிசிறும் வரும். தோசை ஓரத்து முறுகல் மாதிரி. அதை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, முனை வளைந்த சின்னக் கத்தரியால் சுற்றி வெட்ட வேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் வளையம் வீண். கொஞ்சம் வெளியே நின்றால் பம்ப் கம்பெனி திருப்பி அனுப்பும்.

என் இரண்டு பிரஸ்ஸும் அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் ஓடின. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் பத்மாவிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஷெட் அவள் பெயரில்தான் இருக்கிறது.

வாய் செய்த வேலை

பிசிறு வெட்ட மூன்று பெண்கள் இருந்தார்கள். சரோஜா, தேவி, நூர்ஜஹான். ஷெட்டின் பின்பாதியில் நீள மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மூவரில் மூத்தவர் சரோஜா. வீடு மேனாம்பேடு, நடந்தே வருவார். என்னிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தார்.

நான் கோபக்காரன். மழை பெய்தால் கோபம், பெய்யாவிட்டால் ஷெட்டுக்குள் வேகும் சூட்டில் அதைவிடக் கோபம். சரோஜா புதன்கிழமைதோறும் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். ரப்பர் வேகும் வாடையில் இருபது வருடம் மூச்சு விட்டவன், கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவேன். பதினோரு வருடமாகக் கத்தினேன். பதினோரு வருடமாகக் கருவாடு வந்தது.

ஒரு ஜூன் மாதம். மறுநாள் பம்ப் கம்பெனிக்கு லோடு போக வேண்டும். சாயங்காலம் சரோஜா என் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

“சார், நாளிக்கு லீவு ஓணும். பொண்ணுக்கு காலேஜ் அட்மிசன். நான் வந்து கையெழுத்துப் போட்டே ஆவணுமாம்.”

“ஏம்மா, நாளைக்கு லோடுன்னு உனக்குத் தெரியாதா?”

“மூணு வாரமா சொல்லிகினு கீறேன் சார்.”

சொல்லியிருப்பார். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதவனுக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும்.

“போம்மா. எல்லாரும் போங்க. பிசிறு வெட்ட ஊர்ல ஆளா இல்ல? வெளிய குடுத்துட்டு நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.”

சரோஜா வழக்கமாகப் பதிலுக்குப் பதில் பேசுவார். அன்றைக்கு, “சரிங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ‘சரி’தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு மறந்திருப்பேன்.

மறுநாள் அவர் வரவில்லை. லோடு மட்டும் நேரத்துக்குப் போனது. முதல் நாளே மூன்று பேரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போனதில் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஞானம்

பத்மாவின் தம்பி ரகு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மேனாம்பேட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் ஏழாவது மாடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். அந்த ஞாயிறு, மீன் வறுவலை ஓரமாக நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

“மாமா, உங்க பிசினஸோட கோர் என்ன? நீங்க மட்டுமே செய்யக்கூடியது எது? அத வெச்சுக்கங்க. மத்ததெல்லாம் வெளிய தள்ளுங்க.”

ஒவ்வொன்றாகக் கேட்டு, திரையில் கட்டம் போட்டு நிரப்பினான். பிசிறு வெட்டுவது? வெளியே கொடுக்கலாம். எண்ணிப் பையில் போடுவது? வெளியே. வண்டி? வெளியே. கணக்கு? ஏற்கெனவே வெளியேதான். பிரஸ் ஓட்டுவதைக்கூட ஒருநாள் வெளியே கொடுக்கலாம் என்றான்.

“அப்ப இவரு என்ன செய்வாரு?” என்று கேட்டாள் பத்மா, குழம்புக் கரண்டியோடு.

ரகு யோசித்தான். நானும் யோசித்தேன். திரையில் என் பெயருக்கு நேரே இருந்த கட்டம் காலியாகவே இருந்தது.

“கோபப்படுவாரு. அத வெளிய குடுக்க முடியாது,” என்று அவளே பதிலும் சொன்னாள்.

அவன் சொன்னதில் தப்பில்லை, கேட்டவன்தான் தப்பான ஆள். வெள்ளிக்கிழமை வாய் தவறிச் சொன்ன ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஆள் வைத்தால் லீவு, அட்வான்ஸ், கருவாடு. வெளியே கொடுத்தால் செலான், சரக்கு, நிம்மதி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று பேருக்கும் சட்டப்படி கொடுக்க வேண்டியதை ஒன்று விடாமல் கொடுத்தேன். தேவி அழுதார். நூர்ஜஹான் என்னைப் பார்க்கவே இல்லை. சரோஜா தன் கத்தரியோடு வந்தார். விரல் வைக்கும் வளையத்தில் பழைய புடவைத் துணியைச் சுற்றி வைத்திருப்பார்.

“இந்தக் கத்தரிய மட்டும் எட்துகினு போவட்டா சார்? கைக்குப் பழகிட்ச்சு.”

“கம்பெனி சாமான் எதுவும் செலான் இல்லாம வெளிய போகக் கூடாதும்மா,” என்றேன்.

செலான் என்பது, பொருள் வாசலைத் தாண்டும்போது கூடவே போகும் சீட்டு. என்ன பொருள், எத்தனை, எந்த வண்டி, திரும்பி வருமா வராதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விதியைத்தான் சொன்னேன். ஆனால் செலான் புத்தகம் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.

சரோஜா கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

முகம் தெரியாத சகோதரிகள்

மாணிக்கத்தை எஸ்டேட்டில் ஒருவர் அறிமுகப்படுத்தினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நசரத்பேட்டையில் யூனிட்.

“நாப்பது லேடீஸ் வெச்சிருக்கேன் சார். நீங்க கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்.”

நான் அப்படியே செய்தேன். இதில் எங்கள் எஸ்டேட் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியே வேலை கொடுத்தால் விலை கேட்கலாம், தேதி கேட்கலாம், தரம் சரியில்லை என்று சண்டை போடலாம். எங்கே, யாரை வைத்து வேலை நடக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், அவரைத் தாண்டி நேராகப் போகப் பார்க்கிறான் என்று அர்த்தம். அதனாலேயே சரக்கு கைமாறும்போதெல்லாம் பைமேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். எல்லோரும் இப்படித்தான். நானும் என் பங்குக்கு எத்தனையோ சீட்டு கிழித்திருக்கிறேன்.

காலையில் மாணிக்கத்தின் வேன் என் முன்வாசலில் வந்து பிசிறோடு ஏற்றிக்கொண்டு போகும். நாலாவது நாள் சுத்தமாக வரும். அடேயப்பா, என்ன சுத்தம்! ஒரு வளையம்கூடக் கழியவில்லை. பம்ப் கம்பெனியிலிருந்து பாராட்டி மெயில் போட்டார்கள்.

“பாத்தீங்களாடா?” என்று என் பிரஸ் ஆட்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுதான் வேலை. நம்ம லேடீஸ் பதினோரு வருஷம் வெட்டினாங்களே, ஒரு நாளாவது இப்படி வெட்டினாங்களா?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, “பிரஸ்ஸு சூடாயிடுச்சு சார்,” என்று போய்விட்டார்கள்.

ஆயுத பூஜை வந்தது. எனக்கு மனசு பொங்கியது. ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி, ஒரு வெள்ளைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். ‘முகம் தெரியாத சகோதரிகளுக்கு: உங்கள் கைவேலைதான் எங்கள் கம்பெனியின் கௌரவம். மனமார்ந்த நன்றி.’

“கம்பெனி பேர் மட்டும் போட்ராதீங்க சார்,” என்று கெஞ்சி வாங்கிப்போனார் மாணிக்கம்.

என் சொந்த ஆட்களுக்குப் பதினோரு ஆயுத பூஜைக்கும் பொரிப் பொட்டலம்தான் கொடுத்திருக்கிறேன். தாளில் ஒன்றும் எழுதியதில்லை.

சுவர்

ஆயுத பூஜைக்கு முன்பே நடந்த இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். பெண்கள் போனதும் ஷெட்டின் பின்பாதி காலியானது. அடுத்த ஞாயிறே ரகு லேப்டாப்பைத் திறந்தான்.

“சும்மா கெடக்குற எடம் சம்பாதிக்கணும் மாமா.”

கொத்தனாரை வைத்து நடுவில் நாலரை இன்ச் சுவர் எழுப்பினேன். கூரை வரைக்கும் போகவில்லை, மேலே இரண்டடி இடைவெளி. பிசிறு வெட்டும் நீள மேசை கதவு வழியாக வெளியே வராததால் அந்தப் பக்கமே விட்டுவிட்டேன். புரோக்கர் ஒரு வாரத்தில் ஆள் பிடித்தார். பச்சை கேட் அவர்களுக்கு, முன்வாசல் எனக்கு. ஒப்பந்தத்தில் பத்மா வீட்டிலேயே கையெழுத்துப் போட்டாள். வாடகை அவள் போனுக்கு வந்துவிடும். யார் வந்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு அப்போது பழகிவிட்டிருந்தது.

வந்தவர்கள் நாள் முழுக்க எஃப்.எம். ரேடியோ போட்டார்கள். என் கம்ப்ரஸர் ஓடினால் என் குரலே எனக்குக் கேட்காது. அது நின்றால் அந்தப் பக்கத்துப் பாட்டு கேட்கும். ஸ்பானரை எடுத்துச் சுவரை மூன்று தட்டு தட்டுவேன். சத்தம் குறையும். ஐந்து நிமிடத்தில் பழையபடி ஏறும். மறுபடி தட்டுவேன். ஒருநாள் அவர்களும் அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டுத் தட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

அடுத்த புதனும் வந்தது. அதற்கடுத்த புதனும். ஆளை அனுப்பிவிட்டேன், குழம்பு மட்டும் எனக்குள் தங்கிவிட்டது போல என்று நினைத்தேன். மனசாட்சி வாசனையாக வரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“புதன்கிழமையானா கருவாட்டு வாசனை வருது பத்மா,” என்றேன் வீட்டில்.

“சரோஜாவ அனுப்பினது உங்களுக்கு உறுத்துது. போய்ப் பாத்துட்டு வாங்க. இல்லன்னா டாக்டரையாவது பாருங்க,” என்றாள்.

இரண்டையும் செய்யவில்லை. உறுத்தியது உண்மை. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கத்தரி கண்ணில் படும். புடவைத் துணி சுற்றிய வளையத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

உங்களுக்கு இந்நேரம் எல்லாம் புரிந்திருக்கும். எஸ்டேட்டில் எல்லோருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. இரண்டு பக்கமும் டீ கொடுக்கும் ஏகாம்பரத்துக்குத் தெரியும். என் பிரஸ் ஆட்களுக்குத் தெரியும், அவர்கள் டீ குடிக்கப் போவதே அந்தப் பக்கம்தான். தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

சுற்றுலா

பம்ப் கம்பெனியில் புது விதி வந்தது. தங்கள் பாகம் யார் யார் கைக்குப் போகிறதோ, அந்த இடத்தையெல்லாம் நேரில் பார்ப்பார்கள். சரியில்லை என்றால் ஆர்டர் நின்றுபோகும். அதற்குத்தான் அபிநயா வந்தார். திண்டுக்கல் பக்கத்துப் பெண், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கும் கேள்வி கேட்பார்.

மாணிக்கம் கையைப் பிசைந்துகொண்டு காரில் ஏறினார். நசரத்பேட்டையில் அவர் திறந்து காட்டிய ‘யூனிட்’ ஒரே ஒரு அறை. ஒரு மேசை, ஒரு சாமி படம், ஒரு தராசு.

“நாப்பது லேடீஸ் எங்கண்ணே?” என்றார் அபிநயா.

“அது வந்து மேடம்… ஒரு சின்ன வேலை மட்டும் வெளிய போகுது.”

“எந்த வேலை?”

“பிசிறு வெட்டறது.”

அங்கே போவதே அந்த ஒரு வேலைதான். நான் மாணிக்கத்தை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார்.

அவுட்டர் ரிங் ரோடு பிடித்து நெமிலிச்சேரி போனோம். ஸ்டேஷன் பக்கத்தில் லோடு ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தார் பாபு. யூனிட் எங்கே என்றதும் ஆட்டோவைத் தட்டிக் காட்டினார்.

“யூனிட்டு இங்க இல்ல அண்ணாத்தே. ஆளுங்க அம்பத்தூர்ல கீறாங்கோ. நான் சரக்க எட்துகினு போயி எட்துகினு வருவேன், அவ்ளோதான்.”

பாபு முன் சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். பட்டாபிராம், ஆவடி தாண்டிக் கார் போனது. போகப் போக மனிதர் தன் கஷ்டத்தைக் கொட்ட ஆரம்பித்தார்.

“லேடீஸுங்க தங்கம் சார். ஆனா பக்கத்துல ஒர்த்தரு கீறாரு பாருங்கோ, செவுத்துக்கு அந்தாண்ட. சிடுமூஞ்சி. ரேடியோ போட்டா செவுத்த தட்டுவாரு, சிரிச்சா தட்டுவாரு. பாவம், ஊட்ல இன்னா பிரச்சனயோ.”

“அப்படியும் சில பேர் இருக்கத்தாங்க செய்றாங்க,” என்றேன் நான், உண்மையான வருத்தத்தோடு. “நேரா போய் ரெண்டு வார்த்தை கேட்டுடணும்.”

“கேக்கலாம்னா சரோசாக்கா உடமாட்டேங்குது.”

சரோஜா என்ற பெயர் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கார் எஸ்டேட்டுக்குள் திரும்பியது. நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையைத் தாண்டியது. ஏகாம்பரம் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுச் சிரித்தார். கார் பின்தெருவில் நுழைந்து நின்றது. எதிரே பள்ளம்.

உள்ளே

கேட்டைத் திறந்தது நூர்ஜஹான். என்னைப் பார்த்ததும் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று பிறகுதான் புரிந்தது.

அதே நீள மேசை. அதே ஆணியில் சரோஜாவின் மஞ்சள் பை. தேவி, நூர்ஜஹான், இன்னும் இரண்டு புது முகங்கள். நடுவில், பதினோரு வருடம் உட்கார்ந்த அதே இடத்தில் சரோஜா. மேசைமேல் என் வளையங்கள் குவிந்திருந்தன. கருவாட்டு வாசனை. அன்றைக்குப் புதன்கிழமை.

“வாங்க சார்,” என்றார் எழுந்திருக்காமல். “ஒக்காருங்கோ.”

“நீயா?” என்றேன். “எத்தனை நாளா?”

“செவுரு காயறதுக்கு முன்னாடியே வந்துட்டோம் சார். பாபு அண்ணன் பிசிறு வெட்ட ஆள் தேடிச்சு. எடம் எங்க கெடைக்கும்னு பாத்தா இங்கயே டு-லெட் போர்டு. அக்ரிமென்ட்டு பாபு அண்ணன் பேர்ல. வேலயும் அதே வேல, ஊட்டுக்கும் நடந்து போயிறலாம்.”

“என் சரக்குன்னு தெரியுமா?”

“நம்ம அச்சு தெரியாதா சார் எனக்கு?”

“அப்ப ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கவே இல்லியே. சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். வீம்புக்கு வேலையை நிறுத்தியிருப்பேன். இடத்தையும் காலி செய்யச் சொல்லியிருப்பேன். சரோஜாவுக்கும் அது தெரிந்திருந்தது.

பாபு என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ… செவுருக்காரரு…”

“நான்தான்,” என்றேன்.

“கார்ல நான் சொன்னத மன்சுல வெச்சிக்காதீங்கோ அண்ணாத்தே.”

அப்போதுதான் மேசைக்கு மேலே, சுவரில், சோறு வைத்து ஒட்டியிருந்த வெள்ளைத்தாளைப் பார்த்தேன். ‘முகம் தெரியாத சகோதரிகளுக்கு’ என்று என் கையெழுத்து. ஓரத்தில் மைசூர்பாகு நெய் பட்டுக் கறையாகியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அந்தத் தாள், அந்தப் பக்கம் நான் ஸ்பானரால் தட்டிய இடம்.

“எங்க சார் எழுதினதுன்னு பாத்தவொடனே தெரிஞ்சிச்சு,” என்றார் தேவி. “சரோசாக்காதான் ஒட்டிச்சு.”

அந்தத் தாளை நான் எழுதியதும் இவர்களுக்குத்தான், ஆனால் இவர்கள் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

அபிநயா பத்து வளையங்களை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு டேப்லெட்டில் ‘சப்-வெண்டர் தூரம்’ என்ற கட்டத்துக்கு வந்தார்.

“இது எத்தனை இன்ச் சுவர் சார்?”

“நாலரை.”

கட்டம் இன்ச்சை ஏற்கவில்லை. கிலோமீட்டர்தான் வேண்டும் என்றது. பூஜ்யம் போட்டார். பூஜ்யம் செல்லாது என்றது. கடைசியில் காரின் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, நாற்பத்தி ஏழு என்று போட்டார். உடனே ஏற்றுக்கொண்டது.

“பிசிறு வெட்டுறதுல ஒரு குறை சொல்ல முடியாது சார்,” என்றார். “ஆனா வேலை எங்க நடக்குதுன்னு உங்களுக்கே தெரியல. அத நான் எழுதித்தான் ஆகணும். பதினஞ்சு நாள்ல இத நேராக்குங்க. இல்லாட்டி ஆர்டர் நிக்கும்.”

ஜன்னல்

மறுநாள் காலை பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

“எல்லாரும் மறுபடி வேலைக்கே வந்துடுங்க. சுவரை இடிச்சிடறேன்,” என்றேன்.

சரோஜா வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். “வோணாம் சார். இப்போ லீவு ஓணும்னா எங்களுக்குள்ளயே சொல்லிக்கறோம். அன்னிக்கி வேலய முந்தின நாளே முட்சி வெக்கறோம். யாரு கிட்டயும் போயி நிக்கறதில்ல.”

முந்தின நாளே முடித்து வைப்பது என்னிடம் இருந்தபோதும் அவர்கள் செய்ததுதான். நான் தலையை ஆட்டினேன்.

“அப்ப நேரா உங்களுக்கே குடுத்துடறேன். நடுவுல யாரும் வேண்டாம். நீங்க என்ன சொல்றீங்க?” நீங்க என்று வந்தது எனக்கே கேட்டது.

“குட்ங்க. செவுத்த மட்டும் தட்டாதீங்கோ.”

பாபுவின் ஆட்டோ இப்போது பம்ப் கம்பெனிக்கு லோடு கொண்டுபோகிறது. மாணிக்கம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். ரகு லேப்டாப்பில் புதுக் கட்டப் படம் ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். அதில் என் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

சுவர் கட்டிய கொத்தனாரே வந்து ஓட்டை போட்டு ஒரு மர ஜன்னல் வைத்தார். முதல் நாள் காலை, பிசிறோடு இருந்த பிளாஸ்டிக் பெட்டியை ஜன்னல் வழியாக நீட்டினேன். சரோஜா வாங்கவில்லை.

“செலான் எங்க சார்?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பொருள் செவுரு தாண்டுதா இல்லியா?”

தாண்டத்தான் செய்தது. போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, ஜன்னல் கட்டையில் வைத்து எழுதினேன். வண்டி எண் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“இன்னா சார் யோசன? ஜன்னல்னு போடுங்கோ.”

போட்டேன். பெட்டி அந்தப் பக்கம் போனது.

போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முந்தின இரண்டு நாளும் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் கத்திப் பழகியது, வேறு எதற்கும் திறக்கவில்லை. டிராயரைத் திறந்தேன். இன்னொரு செலான் எழுதினேன். முனை வளைந்த கத்தரி, ஒன்று. வண்டி எண், ஜன்னல். அடியில் இரண்டு கட்டம். திரும்பி வரும், திரும்பி வராது. இரண்டாவதில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு, கத்தரியையும் சீட்டையும் ஜன்னலில் வைத்தேன்.

சரோஜா முதலில் சீட்டைத்தான் எடுத்தார். ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு கத்தரியை எடுத்து, துணி சுற்றிய வளையத்தில் விரலை நுழைத்து, காற்றில் இரண்டு முறை வெட்டிப் பார்த்தார்.

பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அடித்தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“ஒரு நிமிசத்து வேலதான் சார் இது,” என்றார்.

“ஆமாம்மா,” என்றேன்.